ஆழ்கடலில் நமது இரைச்சல்

தெமட்டகொடையிலிருந்து கடலைக் காண முடியாது. கொழும்பின் மேற்கு விளிம்பில் கடல் இருக்கிறது என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். ஆயினும் அவர்தம் காதில் விழுவது அலையோசை அன்று. புகையிரதக் கொட்டகையில் எஞ்சின்கள் இரவும் பகலும் உறுமுகின்றன. பேஸ்லைன் வீதியில் வாகனங்களின் ஓட்டம் ஓய்வதில்லை. ஒருகொடவத்தைப் பக்கமாகக் கொள்கலன்களைச் சுமந்த நீண்ட லொறிகள் வரிசை வரிசையாக நகர்கின்றன. அண்டையிலுள்ள கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்கள் நிமிர்ந்து நிற்கின்றன.

இவை தரையின் ஓசைகளாகத் தோன்றினும் கடலோடு பிணைக்கப்பட்டவை. குதங்களை நிறைக்கும் எண்ணெய் கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து குழாய்வழியே இங்கு சேர்கிறது. லொறிகள் சுமக்கும் கொள்கலன்கள் சில நாட்களுக்கு முன் நடுக்கடலில் மிதந்தவை. நாம் உண்ணும் கோதுமையும் பருப்பும், பிள்ளைகள் எழுதும் தாளும், தையல் தொழிற்சாலைக்கு வேண்டிய துணியும் அவ்வழியே வருகின்றன. நம் காதில் விழும் இந்த இரைச்சல் ஒரு நீண்ட விலங்கின் வால் மட்டுமே. அதன் உடலும் தலையும் கடலுக்குள் கிடக்கின்றன.

தரையில் எழும் இரைச்சலுக்கு இந்நாட்டில் சட்டம் உண்டு. தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1996ஆம் ஆண்டில் இரைச்சற் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளுக்குப் பொதுவான தடை விதித்தது. நோயாளியின் உறக்கமும் மாணவனின் படிப்பும் காக்கப்பட வேண்டியவை என்ற எண்ணம் இவ்வாறு சட்டத்தில் இடம் பெற்றது. நீருக்குள் எழும் இரைச்சலின் கதையோ வேறு. அங்கு முறையிடுவதற்கு வாயுள்ளவர் எவருமில்லை.

கடலுக்குள் இந்த இரைச்சலை ஏற்றியவர் யார்? எப்போது, எதற்காக ஏற்றினர்? அதனால் இழந்தவை எவை? இக்கேள்விகளை விலங்கியலாளரிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. ஏனெனில் கடலின் இரைச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு. வாணிபமும் போரும் எண்ணெயும் சேர்ந்து எழுதிய அந்த வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் பல நம் தீவைச் சூழ்ந்த கடலிலேயே எழுதப்பட்டுள்ளன.

மௌனம் என்னும் கற்பனை

கடலின் ஆழம் ஓசையற்றது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோ 1953இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு 'மௌன உலகம்' என்றே பெயர். மனிதக் காது காற்றில் கேட்பதற்கென அமைந்தது. நீருக்குள் அது மந்தமாகிறது. தன் காதின் குறையை மனிதன் கடலின் குணமாகக் கொண்டுவிட்டான்.

மட்டக்களப்பை 'மீன் பாடும் தேனாடு' என்று அழைத்த நம் மக்களுக்கு இந்தப் பிழை நேரவில்லை. நிலவு காலத்து இரவுகளில் கல்லடிப் பக்கத்து வாவியில் எழும் மெல்லிய இசையை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தனர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் படகேறிச் சென்று அதனைக் கேட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை வலுத்தது என்று அவர் எழுதி வைத்துள்ளார். அவ்வோசையை எழுப்புவது ஊரி என்று மீனவர் அவருக்குச் சொன்னார்கள். மீனா ஊரியா என்ற வழக்கு எவ்வாறாயினும், நீருக்குள் ஓசை உண்டு என்பதில் அம்மீனவருக்கு ஐயமிருக்கவில்லை.

அதே 1848ஆம் ஆண்டு யூலையில்தான் மாத்தளையிலும் கண்டிப் பகுதியிலும் புதிய வரிகளை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். டெனன்ட் அங்கம் வகித்த அரசு அவர்களை இராணுவச் சட்டத்தாலும் துப்பாக்கியாலும் அடக்கியது. வாவியின் மெல்லோசைக்குச் செவி சாய்க்க நேரமிருந்த ஆட்சிக்கு, குடியானவனின் உரத்த குரலைக் கேட்க மனமிருக்கவில்லை. எக்குரலைக் கேட்பது, எதனைக் கேளாதிருப்பது என்பதை அதிகாரமே தீர்மானிக்கிறது. இந்த உண்மையை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நீரில் ஒலி செல்லும் வேகத்தை 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடொன், ஸ்டூர்ம் என்னும் இருவர் அளந்தனர். நீருக்குள் ஒரு மணியை அடித்து, தொலைவிலிருந்து கேட்டனர். காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, நீரில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் விரைகிறது. கடல்நீரில் அதன் வேகம் செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர். ஒளியின் நிலை இதற்கு நேர்மாறானது. இருநூறு மீற்றருக்குக் கீழே சூரிய ஒளி பெரும்பாலும் செத்துவிடுகிறது. ஆதலால் கடல்வாழ் உயிர்களுக்குக் காதே கண். ஆயிரம் மீற்றருக்கும் கீழே இருளில் மூழ்கும் ஸ்பேர்ம் திமிங்கிலம், தான் எழுப்பும் சொடுக்கொலி இரையிற் பட்டுத் திரும்புவதைக் கேட்டே வேட்டையாடுகிறது. நீலத் திமிங்கிலத்தின் தாழ்ந்த குரல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்ல வல்லது. மீன் குஞ்சுகளும் நண்டுகளின் இளம்பருவங்களும் பவளப்பாறையின் சலசலப்பைக் கேட்டுத் தம் இருப்பிடம் நாடுகின்றன. ஊரும் உறவும் உணவும் அங்கு ஒலியினால் ஆனவை.

பாய்மரத்திலிருந்து சுழல்விசிறிக்கு

பாய்மரக் காலத்தில் கடலில் மனிதன் எழுப்பிய ஓசை சிறிது. மரக்கலத்தின் கிறீச்சொலியும் துடுப்பின் வீச்சும் அலையோசையில் கரைந்தன. இலங்கையின் தென்முனையில் தென்னாவரம் என்று தமிழர் அழைத்த துறையும் கோயிலும் இருந்தன. 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை அழித்தனர். அத்துறையைக் கடந்து சென்ற அரபு, சீன, தமிழ்க் கலங்கள் அனைத்தும் காற்றை நம்பிச் சென்றவை. அக்காலத்துத் திமிங்கிலங்களும் அவ்வழியே சென்றிருக்கும். ஒன்றன் ஓசை மற்றதை மூழ்கடிக்கவில்லை.

1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குச் செல்லும் நீராவிக் கப்பல்களின் நெடுவழியில் இலங்கை நடுவிற் கிடந்தது. கப்பல்களுக்கு நிலக்கரி வேண்டும்; கோப்பித் தோட்டங்களின் விளைச்சலுக்குக் கப்பல் வேண்டும். பாறைகள் நிறைந்த காலித் துறைமுகம் போதாதென்று கண்ட ஆட்சியாளர் கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கினர். 1875இல் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். கொழும்பு பெருந்துறைமுகமானது. நிலக்கரி சுமந்த தொழிலாளரின் வியர்வையிலும், மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறித்த கைகளின் உழைப்பிலும் இத்துறைமுகம் வளர்ந்தது.

நீராவியோடு வந்தது சுழல்விசிறி. கப்பலைத் தள்ளும் இவ்விசிறி வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களின் பின்னே நீரழுத்தம் தாழ்ந்து எண்ணற்ற குமிழிகள் தோன்றுகின்றன. தோன்றிய கணத்திலேயே நசுங்கி வெடிக்கின்றன. 1890களில் பிரித்தானியப் போர்க்கப்பற் பொறியியலாளர் இக்குமிழிகளைக் கவனித்தனர். அவர்களுடைய கவலை கப்பலின் வேகம் குறைகிறதே என்பதுதான். அக்குமிழிகளின் வெடிப்பே கடலிரைச்சலின் பெரும்பங்காகப் போகிறது என்று அன்று எவரும் எண்ணவில்லை.

1956இல் அமெரிக்காவில் கொள்கலன்களை ஏற்றிய முதற் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அதன்பின் கப்பல்கள் பெருத்தன, எண்ணிக்கையிற் பெருகின, வேகம் கூடின. கொழும்பும் 1980களில் கொள்கலன் துறைமுகமாக மாறியது. இம்மாற்றம் கடலுக்குள் என்ன செய்தது என்பதற்குக் கலிபோர்ணியாக் கரையருகே கிடைத்த ஓர் அளவீடு சான்று பகர்கிறது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை அங்கு பதிவு செய்த தாழ்ந்த ஒலியின் அளவை, ஆய்வாளர் 2003-2004இல் அதே இடத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் வரை உயர்ந்திருந்தது. பத்து டெசிபல் என்றால் ஒலிச் சக்தி பத்து மடங்காகிவிட்டது என்பது பொருள். அவ்வொலியே பெருந்திமிங்கிலங்கள் தம்முள் பேசிக்கொள்ளும் ஒலி வரிசையிலும் விழுகிறது.

இரைச்சலிற் குரல் மூழ்குவது என்றால் என்ன என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். நியூயோர்க் நகரில் புகையிரதப் பாதையை அடுத்திருந்த பாடசாலையொன்றை ஆராய்ந்து 1975இல் அறிக்கையொன்று வெளியாயிற்று. பாதையை நோக்கிய வகுப்பறைகளிற் படித்த பிள்ளைகள், அதே பாடசாலையின் அமைதியான பக்கத்திற் படித்த பிள்ளைகளைவிட வாசிப்பிற் பின்தங்கியிருந்தனர். இரைச்சலைக் குறைத்தபின் அந்த வேறுபாடு மறைந்தது. பிள்ளைகளின் அறிவு குறையவில்லை. ஆசிரியையின் சொல் அவர்களை வந்தடையவில்லை. கடலில் தாய்த் திமிங்கிலமும் கன்றும் இந்நிலையிலேயே உள்ளன. கூன்முதுகுத் திமிங்கிலத்தின் கன்று தாயோடு மிக மெல்லிய குரலிற் பேசுகிறது என்று ஒஸ்திரேலியக் கடலில் செய்த ஆய்வொன்று 2017இல் காட்டியது. உரக்கப் பேசினாற் பகைவிலங்கு கேட்டுவிடும். மெல்லப் பேசினால் கப்பலின் இரைச்சல் விழுங்கிவிடும்.

போரின் காது

கடலைக் கேட்கும் கருவியை உருவாக்கியது அறிவின் தாகம் மட்டுமல்ல. போரின் அச்சமும் ஆகும். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டறிய நீரடி ஒலிவாங்கிகள் உருவாயின. பின்னர், ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் எதிரியைக் காணும் சோனார் வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள் என மயங்கி அங்கொடை மனநோய் மருத்துவமனை மீது குண்டு வீசினர் என்பர். நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டது. போர் தன் காதையும் கண்ணையும் எவ்வளவு கூர்மையாக்கினும், யாரைத் தாக்குகிறோம் என்பதை அறியும் அறிவு அதற்கு அமைவதில்லை.

அவ்வாண்டில் அமெரிக்கக் கரையில் ஒலிவாங்கிகளைக் கடலில் இறக்கிக் காவலிருந்தோர் திகைத்தனர். நீர்மூழ்கியின் ஓசையை எதிர்பார்த்த இடத்தில் மீன்களின் பெருங்கூச்சலும் சொடுக்கு இறால்களின் சடசடப்பும் அவர்களின் காதை நிறைத்தன. மௌன உலகம் என்ற கற்பனையைப் போர்வீரரின் காதே முதலில் உடைத்தது. பனிப்போர்க் காலத்தில் அத்திலாந்திக் கடலடியில் அமெரிக்கா இரகசியமாக விரித்த ஒலிவாங்கி வலையில், ஒழுங்காகத் துடிக்கும் மர்ம ஒலியொன்று விழுந்தது. எதிரியின் பொறியோ என்று சந்தேகித்தனர். அது துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

கேட்பதோடு நில்லாமல் போர்க்கப்பல்கள் உரத்த ஒலியை வீசத் தொடங்கியபோது கொலை தொடங்கியது. 1996இல் கிரேக்கக் கரையில், நேட்டோவின் சோனார்ச் சோதனை நடந்த நாட்களில், அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கி மாண்டன. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் திமிங்கிலங்கள் கரையொதுங்கியபோது, தன் சோனாரே அதற்குக் காரணமென அமெரிக்கக் கடற்படையே ஏற்க நேர்ந்தது. 2002 செப்டெம்பரில் கனேரித் தீவுகளில், கடற்படைப் பயிற்சியின்போது பதினான்கு அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவற்றின் உடல்களை அறுத்துப் பார்த்தவர்கள், ஆழத்திலிருந்து விரைந்து மேலேறும் முத்துக் குளிப்பவனின் உடலிற்போல இரத்தத்தில் வாயுக் குமிழிகளைக் கண்டனர். ஒலிக்கு அஞ்சி அவை தம் மூழ்குமுறையைக் குலைத்துக்கொண்டன என்பதே இதன் பொருள் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஸ்பெயின் அரசு 2004இல் அத்தீவுகளைச் சூழ்ந்த கடலிற் படைச் சோனாரைத் தடை செய்தது. அதன்பின் அங்கு அத்தகைய கூட்டச் சாவு நிகழவில்லை. தடை பயன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அமைதி வலயமும் அபய வலயமும்

இனி நம் கடலுக்கு வருவோம். 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து மீட்கப்பட்டது. 1971இல் இலங்கையின் முயற்சியினால் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாகப் பிரகடனம் செய்தது. வல்லரசுகளின் படைப்போட்டி இக்கடலிற் புகலாகாது என்பது அதன் உள்ளக் கிடக்கை. எட்டாண்டுகளின் பின், 1979இல், சீஷெல்ஸ் நாட்டின் முன்மொழிவின்மேல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இதே சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் அபய வலயமாக்கியது. வணிக வேட்டை தடை செய்யப்பட்டது. சிறு நாடுகள் இரண்டு ஒரே கடலுக்காக எழுப்பிய இவ்விரு குரல்களும் நம் வரலாற்றில் பெருமைக்குரியவை.

ஆனால் அந்த 1971ஆம் ஆண்டிலேயே டியேகோ கார்சியாத் தீவில் அமெரிக்கத் தளத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் தீவுகளின் மக்கள் அனைவரும் பிரித்தானிய அரசால் அங்கிருந்து அகற்றப்பட்டனர். தென்னந்தோப்புகளில் உழைத்து வாழ்ந்த அம்மக்களுக்கு மொறீசியசின் சேரிகளே கதியாயின. பின்னர், அணுவாயுதச் சோதனைகளைக் கண்டறியும் சர்வதேச வலையமைப்பின் ஒலிவாங்கிகள் அத்தீவை அண்டிய கடலில் இறக்கப்பட்டன. அப்பதிவுகளை ஆராய்ந்த ஒஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2021இல் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். அதுவரை அறியப்படாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டத்தின் பாடல் அங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்குச் சாகோஸ் என்றே பெயரிட்டனர். மண்ணின் மக்கள் ஊர் திரும்பும் உரிமைக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய ஆண்டுகளில், அவர்கள் ஊரின் பெயர் ஒரு திமிங்கிலத்தின் பெயராகிவிட்டது.

இவ்விடத்தில் முற்போக்காளர் மறைக்கலாகாத உண்மையொன்று உண்டு. ஏகாதிபத்தியம் மட்டுமே கடலைச் சூறையாடியது என்று எழுதிவிட்டால் நம் வரலாறு அரைகுறையாகும். 1963க்கும் 1967க்கும் இடையில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. பொய்க் கணக்கு எழுதின. 1990களின் தொடக்கத்தில், கணக்கை மறைத்து வைத்திருந்த உருசிய விஞ்ஞானிகளே அதனை வெளிப்படுத்தினர். இலாபம் என்ற சொல் இல்லாத இடத்திலும் தொன் கணக்கு என்ற தெய்வம் இருந்தது. திட்டத்தின் இலக்கை எட்டுவதே முன்னேற்றம் எனக் கொண்ட ஆட்சி, இலக்கினுள் அடங்காத உயிரைக் காணவில்லை. உண்மையைக் காத்த அவ்விஞ்ஞானிகளின் நேர்மை போற்றத்தக்கது.

அபய வலயம் பிறந்தபின், 1982 முதல் 1984 வரை 'டூலிப்' என்னும் சிறு பாய்க்கப்பல் இலங்கையைச் சூழ்ந்த கடலில் ஆய்வு செய்தது. திருகோணமலைக்கு அப்பால் ஸ்பேர்ம் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் அதிலிருந்தோர் நீரடி ஒலிவாங்கியாற் கேட்டனர். இலங்கை நீலத் திமிங்கிலத்திற்கெனத் தனிப் பாடலொன்று உண்டு என்பது 1984இல் அங்கு செய்த பதிவினால் உலகுக்குத் தெரிந்தது. 1983 யூலைக்குப்பின் நாடு பற்றி எரிந்தது. கிழக்குக் கடல் போர்க்கடலாயிற்று. கேட்பதற்கெனத் திறந்த காது நெடுங்காலம் மூடிக் கிடந்தது.

1991 ஜனவரியில் நம் சமுத்திரத்தின் தென்கோடியில், ஹேர்ட் தீவருகே, கடலின் வெப்பத்தை ஒலியால் அளக்கும் சோதனையொன்று நடைபெற்றது. அங்கு எழுப்பிய ஒலி அமெரிக்காவின் இரு கரைகளிலும் கேட்டது. ஒரு மூலையில் எழும் ஓசை கடலில் எங்கும் செல்லும் என்பதற்கு அது சான்று. அவ்வேளையில் அருகே கேட்டிருந்தவர்கள் இன்னொன்றையும் கண்டனர்: ஒலி எழுந்தபோது ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் வாய் மூடின.

தேவேந்திரமுனைக்கு அப்பால்

இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அருகே உலகின் மிக நெருக்கடியான கப்பற்பாதைகளுள் ஒன்று செல்கிறது. நாளொன்றுக்கு நூறளவான பெருங்கப்பல்கள் அவ்வழியே போகின்றன. மலாக்கா நீரிணையிலிருந்து சுயஸ் நோக்கியும், பாரசீக வளைகுடாவிலிருந்து கிழக்கு நோக்கியும் உலகின் சரக்கு இக்குறுகிய வழியில் ஓடுகிறது. துருவக் கடல்களுக்கு ஆண்டுதோறும் வலசை போகாமல் வெப்பக் கடலிலேயே வாழும் நீலத் திமிங்கிலங்கள் உணவு தேடும் இடமும் அதுவே. இலங்கைக் கடலியலாளர் ஆஷா டி வோஸ் முதலானோரின் உழைப்பால் இது உலகறிந்த செய்தியாயிற்று.

கப்பலின் முகப்பில் மோதுண்டு திமிங்கிலங்கள் சாகின்றன. மோதாத திமிங்கிலமும் ஓயாத இரைச்சலுள் வாழ்கிறது. இரைச்சல் உயிரின் உடலை எவ்வாறு வாட்டுகிறது என்பதை எவரும் திட்டமிடாத சோதனையொன்று காட்டிற்று. 2001 செப்டெம்பர் 11ஆம் நாளின்பின் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பற் போக்குவரத்து திடீரெனக் குறைந்தது. கடலிரைச்சல் ஆறு டெசிபல் தாழ்ந்தது. அங்கு திமிங்கிலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்த ஆய்வாளர், அவற்றின் உடலில் அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு அந்நாட்களில் இறங்கியிருக்கக் கண்டனர். அதற்கு முன்பும் பின்பும் அவை நாட்பட்ட பதற்றத்திலேயே வாழ்ந்தன என்பது இதனாற் புலனாயிற்று. தெமட்டகொடையில் புகையிரதப் பாதையோரத்து வீடுகளில் வாழ்வோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

2016இல் வெளியான ஆய்வொன்று, தேவேந்திரமுனைக் கப்பற்பாதையைப் பதினைந்து கடல்மைல் தெற்கே தள்ளினால் திமிங்கில மோதல் அபாயம் 95 சதவீதம் குறையும் எனக் கணித்தது. அரசின் மட்டத்தில் அம்மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பாதை அகன்றால் கப்பல்கள் நம் துறைமுகங்களை விட்டு அகன்றுவிடும் என்ற அச்சம் எழுப்பப்பட்டது. 2022இல் உலகின் மிகப் பெரிய கொள்கலன் நிறுவனமொன்று தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே செலுத்த முன்வந்தது. நல்லது. ஆனால் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணம் இன்று இருக்கும்; இலாபக் கணக்கு மாறினால் நாளை இராது. சட்டம் செய்ய வேண்டியதைத் தருமத்திற்கு விட்டுவிட்ட சமுதாயம், கேட்டுப் பெறும் உரிமையையும் இழந்துவிடுகிறது.

மன்னார்க் கடலின் கதை எண்ணெயின் கதை. போர் முடிந்த கையோடு, 2009-2010இல், அங்கு 1,700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் நில அதிர்வு ஆய்வு நடைபெற்றது. 2011இல் எரிவாயு கண்டறியப்பட்டது. இத்தகைய ஆய்வில், அமுக்கிய காற்றைச் சில செக்கன்களுக்கு ஒருமுறை வெடிப்பாக வெளியேற்றி, கடலடிப் பாறையிலிருந்து திரும்பும் எதிரொலியை அளப்பர். இவ்வெடிப்பு மீனை விரட்டும் என்பதற்கு நோர்வேயிற் சான்று உண்டு: 1992இல் அங்கு நடந்த சோதனையில் இழுவலையின் மீன்பிடி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2017இல் வெளியான டாஸ்மேனிய ஆய்வு, ஒரேயொரு காற்றுவெடிப்புப் பொறிகூட ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் நுண்ணுயிர் மிதவைகளைக் கொல்வதைக் கண்டது. மிதவை குன்றினால் சாளை குன்றும். சாளை குன்றினால் மன்னார் மீனவனின் அடுப்பு குளிரும். போரினால் கடலிழந்து, மீண்டும் வலையைத் தோளிற் போட்ட அம்மக்களிடம் எந்த ஒலியை எழுப்பலாம் என்று கேட்டிருக்க வேண்டும்.

எளியவனின் கையும் இங்கு முற்றிலும் தூயதன்று. சட்டம் தடுத்தும், வெடி வைத்து மீன்பிடிக்கும் வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் ஒழிந்தபாடில்லை. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் காட்டப் போகும் படகுகள் ஒரு விலங்கைச் சுற்றிக் கூடி இரைகின்றன. ஆயினும் வெடி வைப்பவனைச் சிறையிடும் சட்டம், பெருங்கப்பலின் சுழல்விசிறியைக் காணும்போது வணக்கம் சொல்லி விலகுகிறது. குற்றத்தின் அளவு வேறு. தண்டனையின் திசை வேறு.

நிதானமும் கடமையும்

இரைச்சலின் மேற் பழி சுமத்துவதில் நிதானம் வேண்டும். 2020 நவம்பர் 2ஆம் நாள் பாணந்துறைக் கரையில் ஏறத்தாழ 120 குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் ஊர் மக்களும் கடற்படையினரும் இரவு முழுவதும் நீரில் நின்று அவற்றுட் பெரும்பாலானவற்றை ஆழத்துக்குத் தள்ளிச் சென்று காத்தனர். கப்பலிரைச்சலே காரணம் என்று அன்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் 1973 ஜனவரியிலேயே தூத்துக்குடிக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த கரையில் மீண்டும் ஒதுங்கின. தலைமைத் திமிங்கிலத்தைப் பின்தொடர்ந்து ஆழமற்ற கரையிற் கூட்டமாகச் சிக்குவது இவ்வினத்தின் இயல்பாகவும் உள்ளது. சான்றில்லாத இடத்தில் முழக்கமிடுவோர், சான்றுள்ள இடத்தில் நம் குரலையும் வலுவிழக்கச் செய்கின்றனர்.

சான்று போதுமான இடங்கள் பல உண்டு. பரிகாரமும் கடினமானதன்று. எண்ணெய்க் கசிவு பல ஆண்டு நிற்கும்; நெகிழிக் குப்பை தலைமுறைகளைத் தாண்டும்; இரைச்சலோ எழுப்புவதை நிறுத்திய கணமே நின்றுவிடும். கப்பல் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் ஓசை பெரிதும் தணிகிறது; எரிபொருளும் மிஞ்சுகிறது. 2008இன் பொருளாதார நெருக்கடியின்பின் கப்பல் முதலாளிகளே தம் செலவைக் குறைக்கக் கப்பல்களை மெதுவாக ஓட்டினர். கனடாவின் வன்கூவர் துறைமுகம் 2017 முதல் அமைதியான கப்பல்களுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. திமிங்கிலங்கள் வாழும் நீரிணையில் வேகத்தைக் குறைக்கும்படி கப்பல்களைக் கேட்டுப் பயன் கண்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டு 2023இல் அவற்றைத் திருத்தியது. அவை விரும்பினாற் பின்பற்றும் அறிவுரைகளே. மீறுவோருக்குத் தண்டனை இல்லை.

கடலை முற்றாக அமைதியாக்கு என்று கேட்பது நம் நோக்கமன்று. கொழும்புத் துறைமுகத்தில் உழைப்போருக்கு வேலை வேண்டும். தெமட்டகொடைச் சமையலறைக்குப் பருப்பு வேண்டும். ஆயினும் ஒரு கப்பல் சில மணி நேரம் பிந்தி வருவதால் எவர் வீட்டுப் பானையும் காலியாவதில்லை. அந்தச் சில மணி நேரத்துக்கு விலை நிர்ணயிப்பது தொழிலாளியன்று. நாம் கேட்பது மூன்றே: தேவேந்திரமுனைப் பாதை சட்டப்படி தெற்கே நகரட்டும், கரையோரக் கடலில் கப்பலின் வேகத்துக்கு எல்லை வகுக்கப்படட்டும், நம் கடலடியில் நம் பல்கலைக்கழகங்களின் ஒலிவாங்கிகள் இறங்கி, அவை கேட்பது பொதுமக்களின் சொத்தாகட்டும். இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கக் குரல் எழுப்பிய நாடு, அமைதி என்ற சொல்லின் நேர்ப்பொருளையும் அக்கடலுக்கு வேண்டும் உரிமையுடையது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிற் பங்குண்டு. வகுப்பறையிற் கடல் என்றவுடன் முத்தும் மீனும் துறைமுகமும் பாடமாகின்றன. கடலின் ஓசை பாடமாவதில்லை. மட்டக்களப்பு மீனவர் படகின் மரத்தின் வழியே கேட்ட ஒலியை நம் பிள்ளைகளும் கேட்கட்டும். தன் வீட்டருகே ஓடும் லொறியின் இரைச்சலுக்கும் தேவேந்திரமுனைக் கடலில் வாய் மூடும் திமிங்கிலத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு மாணவன் உணர்ந்துகொண்டால், அவன் பொருளாதாரத்தையும் வரலாற்றையும் சேர்த்தே உணர்ந்துகொண்டவனாவான். குரலற்றோரின் நிலையை அறிய முதற்படி, நாம் எழுப்பும் இரைச்சலைச் சற்றுத் தணித்துக் காது கொடுப்பது. தரையில் உழைப்போரின் குரலுக்காகப் போராடக் கற்றவர்களுக்கு இது புதிய பாடமன்று.